உப்புக் காலத்தில் ஒரு கறுப்புக் கார்: நீலப் போத்தலும் நாணயம் போட்டுக் கழுவும் இடமும்

மூன்றாவது போத்தலில் இன்னும் நாலு விரல் அளவுதான் மிச்சம் இருக்கிறது. ஒப்டிமம் நோ ரின்ஸ் என்ற, கார் கழுவும் இந்த நீலத் திரவத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று இரண்டு குளிர்காலமாக நினைத்துக்கொண்டிருந்தேன். போன கிழமை ஒரு தோழி தொலைபேசியில், "உன்ர கார் மட்டும் எப்பிடி இன்னும் கண்ணாடி மாதிரி நிக்குது?" என்று கேட்டாள். வேலைக்கு நடுவில் அவளுக்கு அவசரமாகச் சொன்னதை இங்கே ஆறுதலாக எழுதுகிறேன்.

கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் வயதானவர்களை வீடு வீடாகப் போய்ப் பராமரிப்பது என் வேலை. ஒருவரை எழுப்பிக் குளிக்க வார்த்து உடுப்பு மாற்றிவிட வேண்டும், இன்னொருவருக்கு மருந்தும் சாப்பாடும் எடுத்துக் கொடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்தாறு வீடுகள். பனி கொட்டுகிறது என்று அவர்களைப் பார்க்காமல் இருக்க முடியாது. ஆகவே டிசம்பரிலிருந்து மார்ச் வரை, பனியை உருக்க வீதியில் கொட்டும் உப்புக்குள்தான் என் கார் ஓடும், உப்புக்குள்தான் நிற்கும். 2019 ஹொண்டா சிவிக், கறுப்பு நிறம். 2021 இல் ஒருவர் பாவித்த காராக வாங்கினேன். என் சொந்தச் சம்பளத்தில் வாங்கிய முதல் கார் அது. அதன் கறுப்பில் எனக்கு அவ்வளவு ஆசை.

முதல் குளிர்காலத்தில் கார் கழுவுவது பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. உப்புப் படிந்தால் கறள் பிடிக்கும் என்று எல்லாரும் சொல்லக் கேட்டிருந்தேன். அதனால் கிழமைக்கு ஒருமுறை, எரிபொருள் நிலையத்தோடு சேர்ந்த தானியங்கிக் கழுவுமிடம் ஒன்றுக்குள் காரை விட்டேன். பெரிய உருளைத் தூரிகைகள் சுழன்று வந்து காரைத் துவைக்கும். ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடலாம். நாள் முழுக்க உப்பும் சேறும் பட்ட கார்கள் எல்லாம் அதே தூரிகைக்குள்ளால்தான் வருகின்றன, முன்னுக்குப் போன காரின் மண் அந்த நார்களுக்குள் இருக்கும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

அந்த வருடம் ஜனவரி 17 ஆம் திகதி ரொறன்ரோவை முடக்கிய பனிப்புயல் பலருக்கு ஞாபகம் இருக்கும். 2022. விடிந்து பார்த்தால் கார் ஒரு வெள்ளை மேடாக நிற்கிறது. ஒரு அம்மா காலை மருந்துக்காகக் காத்திருக்கிறார். கையில் கிடைத்த நைலோன் தும்புத்தடியை எடுத்து, கூரையிலிருந்து முன்மூடிவரை இழுத்து இழுத்துக் கூட்டினேன். அன்றைக்கு அந்த வீட்டுக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது பெரிய நிம்மதியாக இருந்தது.

மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் வாகனத் தரிப்பிடத்தில் வெயில் நேராக விழுந்தபோதுதான் கண்டேன். முன்மூடி முழுவதும் சிலந்தி வலை பின்னியது போல வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள். கூரையில் தும்புத்தடி போன திசையிலேயே நீளக் கோடுகள். கறுப்பு, சாம்பலாகத் தெரிந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

என் தம்பி, அடிபட்ட கார்களைத் திருத்தும் கராஜ் ஒன்றில் பெயின்ற் அடிப்பவன். பெயின்ற்றின் தடிப்பை அளக்கும் சின்னக் கருவி ஒன்றைக் கொண்டுவந்து முன்மூடியில் பல இடங்களில் வைத்துப் பார்த்தான். 110 மைக்ரோன், 118 மைக்ரோன் என்று காட்டியது. அடிப்பூச்சு, நிறம், அதற்கு மேல் தெளிவான கிளியர் கோற் எல்லாம் சேர்த்துத்தான் இந்தத் தடிப்பு. அதில் மேலே காவலாக இருக்கும் கிளியர் கோற் 40, 50 மைக்ரோன்தான் வரும். ஒரு தலைமுடியின் தடிப்பே ஏறக்குறைய 70 மைக்ரோன் என்றான். கீறலை எடுக்க வேண்டும் என்றால் அந்தப் படலத்தையே கொஞ்சம் தேய்த்துக் குறைக்க வேண்டும். அன்றைக்கு இயந்திரம் வைத்துப் பொலிஷ் போட்டுத் தந்தான். ஆனால் ஒவ்வொரு வருடமும் இதைச் செய்துகொண்டிருக்க ஏலாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்.

பிறகு அவன் சொன்ன விசயத்தில்தான் நான் இன்றைக்குச் செய்வது எல்லாம் தங்கியிருக்கிறது. "அக்கா, உப்பு பெயின்ற்றைத் தின்னாது. கல்லடிச்சுப் பெயின்ற் விட்ட இடத்தாலயும் அடிப்பக்கத்தாலயும்தான் அது இரும்புக்குப் போகும். மேல இருக்கிற கீறல் முழுக்க நீங்கள் தேய்ச்சதால வந்தது."

அதைக் கேட்ட பிறகு குளிர்காலக் கழுவலை நான் இரண்டு வேலையாகப் பிரித்துக்கொண்டேன். உப்பைக் கை படாமல், தண்ணீரின் விசையால் மட்டும் அடிப்பக்கத்திலிருந்து எடுப்பது ஒன்று. மேலே ஒட்டியிருக்கும் மெல்லிய அழுக்கை, துணிக்கும் பெயின்ற்றுக்கும் நடுவில் நல்ல வழுவழுப்பு இருக்கும்போது மட்டும் தொட்டு எடுப்பது மற்றது. முதலாவதுக்கு நாணயம் போட்டு நாமே கழுவும் இடம், இரண்டாவதுக்கு இந்த நீலப் போத்தல்.

கழுவுமிடத்தை முதலில் சொல்கிறேன். மார்க்கம் வீதிக்குக் கிட்ட, ஐந்து கதவுகளோடு வரிசையாக இருக்கும் சாதாரண இடம் அது. தரைக்குக் கீழே சூடு போகிறபடியால் தண்ணீர் உறைந்து வழுக்காது. குழல் துப்பாக்கியிலிருந்து எப்போதும் கொஞ்சம் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருக்கும். முதல் நாள் அதைப் பழுது என்று நினைத்து வேறு அறைக்குப் போனேன். அங்கேயும் ஒழுகியது. உறைபனியில் குழாய்க்குள் தண்ணீர் கட்டிவிடாமல் இருக்க வேண்டுமென்றே அப்படி ஓட விடுகிறார்கள். ஒரு முறைக்கு எனக்கு எட்டு டொலர் போகும். இரண்டு டொலர்க் காசுகள் நாலு. எப்போதும் ஒரு சின்ன டப்பாவில் சேர்த்துக் காருக்குள் வைத்திருப்பேன், ஏனென்றால் அங்கே காசு மாற்றும் பெட்டி பாதி நாள் வேலை செய்யாது.

போடும் முதல் காசு காரின் அடிக்குத்தான். சில்லுகளின் மேல்வளைவுக்குள் பனியும் மண்ணும் உப்பும் கலந்து கல்லுப்போல இறுகி நிற்கும். அதைக் கையாலோ காலாலோ தட்டினால் பெயின்ற்றோடு வரலாம், தண்ணீரால் கரைத்து விழுத்துவதே நல்லது. நாலு சில்லுகளுக்கும் உள்ளே, பின்பக்க அடியில், கதவுகளுக்குக் கீழே ஓடும் நீள விளிம்பில், அதன் உட்புறத்தில் என்று குனிந்து அடிக்க வேண்டும். அந்த விளிம்பில் தண்ணீர் வடியச் சின்னத் துளைகள் உண்டு. அவை சேற்றால் அடைத்தால் உப்புத்தண்ணீர் உள்ளேயே தங்கிவிடும். ஒன்ராறியோவில் பழைய கார்கள் அந்த விளிம்பிலும் பின் சில்லு வளைவிலும் உக்கிப்போய் நிற்பதை எத்தனை பேர் பார்த்திருப்போம்.

வீதியில் போடுவது வெறும் சாப்பாட்டு உப்பு இனம் மட்டுமல்ல. சோடியம் குளோரைட்டு மைனஸ் 10 பாகைக்குக் கீழே போனால் பனியை உருக்கத் திணறும். கடும் குளிரில் கல்சியம் குளோரைட்டு, மக்னீசியம் குளோரைட்டு போன்றவையும் சேர்கின்றன. இவை காற்றில் இருக்கும் ஈரத்தைத் தாங்களே இழுத்துக்கொள்ளும், அதனால் காரில் எளிதில் காய்வதில்லை. கார் காய்ந்த மாதிரித் தெரிந்தாலும் அடியில் ஈரம் இருக்கும். சூடான நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் கார் விடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மைனஸ் 15 இல் வெளியே நிற்கும் காரில் கறள் பிடிப்பது மந்தமாக நடக்கும். அதே உப்போடு சூட்டுக்குள் கொண்டுபோய் விட்டால் அது உசாராகிவிடும். தொடர்மாடிக் கட்டடத்தில் இருக்கும் என் சித்திக்கு நான் இதைச் சொன்னபோது நம்பவில்லை. உள்ளே விடுவதால் காருக்கு நல்லது என்றே நினைத்திருந்தார். இப்போது என்னைவிட அவர்தான் அடிக்கடி கழுவுகிறார்.

அடிப்பக்கம் முடிந்தபின் ஊறவைக்கும் சவர்க்காரத் தண்ணீரைக் கீழிருந்து மேலாக அடித்து ஒரு நிமிடம் விடுவேன். அப்புறம் கூரையிலிருந்து கீழாக வெறும் தண்ணீர். துப்பாக்கியின் முனையைப் பெயின்ற்றிலிருந்து ஒரு அடிக்குக் குறையாமல் விலக்கிப் பிடிக்க வேண்டும். கல்லடித்துப் பெயின்ற் விட்ட இடங்களில் இன்னும் தள்ளிப் பிடிப்பேன். கிட்டப் பிடித்தால் விட்ட பெயின்ற்றின் ஓரத்துக்குள் தண்ணீர் புகுந்து உரித்துவிடும்.

நுரை வரும் தூரிகை ஒன்று ஒவ்வொரு அறையிலும் தொங்கும். அதைத் தொடவே தொடாதீர்கள். எனக்கு முன்னால் ஒருவர் தன் வண்டியின் சில்லுகளையும் சேறு அப்பிய பின்பக்கத்தையும் அதால் உரஞ்சியதை என் கண்ணால் பார்த்தேன். அடுத்ததாக வந்தவர் அதை எடுத்து நேரே தன் புதுக் காரின் முன்மூடியில் வைத்தார். அவரிடம் போய்ச் சொல்லலாமா என்று நினைத்துச் சொல்லாமல் நின்றுவிட்டேன். இன்றைக்கும் அது மனதை உறுத்துகிறது.

கடைசிக் காசுக்குக் கனிமம் நீக்கிய தண்ணீர் வரும். அது காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழாது. அதை மட்டும் நான் ஒருநாளும் விடுவதில்லை. பச்சை, சிவப்பு என்று நிறம் நிறமாக வரும் மெழுகு நுரைக்குக் காசு போடத் தேவையில்லை. இரண்டு மழைக்கு மேல் அது நின்றதை நான் காணவில்லை.

இவ்வளவும் செய்து வீட்டுக்கு வந்து பார்த்தால் கார் சுத்தம் மாதிரித்தான் இருக்கும். விரலால் தொட்டால் சாம்பல் மாதிரி ஒரு மெல்லிய படலம் ஒட்டும். தண்ணீரின் விசையால் மட்டும் போகாத அழுக்கு அது. பலர் இந்த இடத்தில் ஒரு பழைய துணியை எடுத்துத் துடைத்துவிடுகிறார்கள். கீறல் விழுவது அங்கேதான். எனக்கு நீலப் போத்தல் உதவுவதும் அங்கேதான்.

எங்கள் வீட்டில் ஒரு கார் நிற்கக்கூடிய கராஜ் இருக்கிறது. சூடு இல்லை, ஆனால் வீட்டோடு ஒட்டியிருப்பதால் வெளியே மைனஸ் 3 என்றால் உள்ளே நாலைந்து பாகை இருக்கும். ஒரு வாளியில் ஏறக்குறைய எட்டு லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீர், அதற்கு 30 மில்லிலீற்றர் திரவம். அவ்வளவுதான். 946 மில்லிலீற்றர் போத்தல் ஒன்று முப்பது முறைக்கு வரும் கணக்கு. நான் கடைசியாக வாங்கியபோது வரியோடு நாற்பது டொலர் அளவில் வந்தது. ஒரு கழுவலுக்கு ஒன்றரை டொலர்கூட இல்லை. நுரை வராது. முதல் தடவை அதைப் பார்த்து, இதால் என்ன அழுக்குப் போகும் என்று எனக்குச் சந்தேகம் வந்தது. நுரைதான் கழுவுகிறது என்று சின்ன வயதிலிருந்து பழகிப்போயிருக்கிறோம். கையை விட்டுப் பார்த்தால் தண்ணீர் வழுவழுப்பாக, கஞ்சித் தண்ணீரில் கை வைத்த மாதிரி இருக்கும். அதிலுள்ள பொலிமர்கள் அழுக்குத் துகளைச் சுற்றிக்கொண்டு பெயின்ற்றில் உரசாமல் தூக்கி எடுக்கும் என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். நான் கண்டது என்னவென்றால், வேலை முடிந்து வாளியை ஒரு மணி நேரம் அசைக்காமல் வைத்தால் மண் முழுவதும் அடியில் படிந்திருக்கும், மேலே தண்ணீர் தெளிவாக நிற்கும்.

பெயரில் சொல்கிற மாதிரியே இதைத் தண்ணீர் விட்டு அலசத் தேவையில்லை. வெளிக்குழாயைப் பூட்டிவைத்திருக்கும் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரையில் இதைவிடப் பெரிய உதவி வேறு என்ன வேண்டும்? வாசலில் தண்ணீர் ஓடிக் கண்ணாடிப் பனியாக உறைவதும் இல்லை, தபால் கொண்டுவருகிறவர் அதில் வழுக்கி விழப் பார்ப்பதும் இல்லை. சவர்க்காரத் தண்ணீர் வீதியோர வடிகாலுக்குள் போவதும் இல்லை. எங்கள் பக்கத்து மழைநீர் வடிகால்கள் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதில்லை. ஹைலண்ட் கிறீக் போன்ற ஓடைகளுக்குப் போய் அங்கிருந்து ஒன்ராறியோ ஏரிக்குள் விழுகின்றன. வாளியில் மிஞ்சுவதை நான் வீட்டுக்குள் உடுப்புத் தோய்க்கும் தொட்டியில் ஊற்றிவிடுவேன்.

துடைக்கும் முறைதான் முக்கியம். வாளிக்குள் எட்டு மைக்ரோஃபைபர் துவாய்களை ஒன்றாக ஊறப் போடுவேன். ஒரு துவாயை எடுத்து இரண்டாக மடித்து, மறுபடியும் இரண்டாக மடித்தால் இரு பக்கமும் திருப்பி விரித்து எட்டு முகம் கிடைக்கும். பிழியக் கூடாது, தண்ணீர் சொட்டச் சொட்ட இருக்க வேண்டும். ஒரு முகத்தால் ஒரு சின்னப் பகுதி, ஒரே திசையில், கையின் பாரம் கொடுக்காமல். பிறகு புது முகம். எட்டு முகமும் முடிந்த துவாயைத் திரும்ப வாளிக்குள் போடவே கூடாது, புறம்பான ஒரு பைக்குள் போட வேண்டும். கூரை, கண்ணாடிகள், முன்மூடி, கதவுகளின் மேற்பாதி என்று மேலிருந்து கீழே வந்து, மண் கூடப் படும் கதவுகளின் கீழ்ப்பாதியையும் பின் மோதுதாங்கியையும் கடைசிக்கு வைத்துக்கொள்வேன். சில்லுகளுக்கு வேறு பழைய துவாய்.

ஒரு பகுதி துடைத்தவுடன் காய்ந்த துவாய் ஒன்றால் ஈரத்தை ஒற்றி எடுத்துவிட வேண்டும். குளிரில் தண்ணீர் மெல்லத்தான் காயும், அதனால் அவசரம் இல்லை. கோடை வெயிலில் இதைவிடக் கெதியாகச் செய்ய வேண்டும். எனக்கு முழுக் காருக்கும் நாற்பது நிமிடம் ஆகும். வேலை முடிந்து வந்த களைப்பிலும் அந்த நாற்பது நிமிடம் எனக்குப் பிடிக்கும். வானொலியை மெல்லப் போட்டுவிட்டு, கறுப்பு திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டு துடைப்பேன்.

துவாய்களைப் பருத்தி உடுப்புகளோடு சேர்த்துத் தோய்க்காதீர்கள். பஞ்சு முழுக்க அவற்றில் ஒட்டிக்கொள்ளும். உடுப்பை மென்மையாக்கும் திரவமும் விடக் கூடாது. அது நார்களில் படிந்தால் துவாய் தண்ணீரை உறிஞ்சாது.

இனிக் குறைகள். பெயரை மட்டும் நம்பி, சேறும் உப்பும் கட்டியாக நிற்கும் காரில் நேரே இதைப் பாவித்தால் கட்டாயம் கீறல் விழும். எவ்வளவு வழுவழுப்பு இருந்தாலும் மணல் மணல்தான். உப்பு கரையும், மணல் கரையாது. 2025 பெப்ரவரியில் ஒரு கிழமைக்குள் இரண்டு பெரும்பனி அடுத்தடுத்து வந்ததே, அப்போது கழுவுமிடத்தில் வரிசை வீதிவரை நின்றது. காத்திருக்க நேரமில்லாமல் வீட்டுக்கு வந்து, இதே கலவையைக் கைப்பம்பால் நன்றாகத் தெளித்து ஊறவிட்டு, பிறகு துடைக்கலாம் என்று தொடங்கினேன். முதல் கதவின் கீழ்ப்பாதியிலேயே துவாய்க்கு அடியில் நறநறவென்று சத்தம் கேட்டது. அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டேன். அந்தச் சத்தத்தோடு கழுவுவதைவிட இன்னும் இரண்டு கிழமை கார் அழுக்காக நிற்பது நல்லது. அடிப்பக்கத்துக்கும் இது ஒன்றும் செய்யாது. தார்ப் புள்ளி போகாது. கதவின் கீழ்ப்பகுதியில் உப்பின் வெள்ளைப் படலம் சிலவேளை மெல்லியதாக மிஞ்சும், அங்கே இரண்டாம் முறை துடைக்க வேண்டும். கொஞ்சம் கூட ஊற்றினால் நல்லது என்று அளவுக்கு மேல் கலந்தால் கண்ணாடியில் கோடு கோடாகப் படியும். இந்தக் கடைசிப் பிழையை நான் முதல் போத்தல் முடியும்வரை செய்துகொண்டிருந்தேன். இப்போது இருமல் மருந்துக் கிண்ணம் ஒன்றால் அளந்துதான் ஊற்றுகிறேன்.

கராஜ் இல்லாதவர்களுக்கு இந்தப் போத்தலைக் குளிர்காலத்துக்கு வாங்கச் சொல்ல எனக்கு மனம் வராது. வெளியே வைத்துத் துடைப்பதென்றால் வெப்பநிலை சைபருக்கு மேல், குறைந்தது நாலைந்து பாகையாவது இருக்க வேண்டும். சைபருக்குக் கீழே போனால் தண்ணீர் பெயின்ற்றில் படும்போதே இறுகத் தொடங்கும். அந்த மெல்லிய பனித் துண்டுகளை இழுத்துத் துடைப்பதும் தும்புத்தடியால் கூட்டுவதும் ஒன்றுதான். அப்படியானவர்கள் எதுவும் காரில் தொடாமல் தண்ணீரும் இரசாயனமும் மட்டும் அடிக்கும் தானியங்கிக் கழுவுமிடத்துக்குப் போகலாம். அங்கே பாவிக்கும் சவர்க்காரம் கடுமையானது, காரில் போட்டிருக்கும் மெழுகைக் கெதியாகக் கழற்றிவிடும். ஆனாலும் கீறல் விழாது. வசந்தம் வந்ததும் மெழுகை மறுபடி போட்டுக்கொள்ளலாம், தேய்ந்த கிளியர் கோற்றை அப்படிப் போட முடியாது.

எப்போது கழுவுவது என்று தோழி கேட்டாள். நான் கிழமைக் கணக்குப் பார்ப்பதில்லை. கடும் குளிர் விட்டு இரண்டு நாள் சைபருக்கு மேலே வருகிற இடைவெளியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பெரும்பாலும் பத்து நாளுக்கு ஒருமுறை, சிலவேளை மூன்று கிழமையும் ஆகும். மைனஸ் 10 க்குக் கீழே போகாதீர்கள். முதல் வருடம் அப்படிக் கழுவிவிட்டு இரவு விட்ட காரின் நாலு கதவுகளும் காலையில் திறக்கவில்லை. றப்பர் ஓரங்கள் உடலோடு ஒட்டி உறைந்துவிட்டன. பலமாக இழுத்திருந்தால் றப்பர் கிழிந்திருக்கும். பின்கதவுப் பெட்டிக்குள்ளால் ஏறித்தான் உள்ளே போனேன். இப்போது கழுவி முடித்ததும் நாலு கதவையும் பெட்டியையும் திறந்து றப்பரைத் துடைத்துவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறேன். நவம்பரில் ஒருமுறை அந்த றப்பர்களுக்குச் சிலிக்கோன் கிறீஸ் பூசிவிடுவேன். எரிபொருள் மூடியையும் ஒருமுறை திறந்து மூட வேண்டும். வீட்டுக்கு வருகிற வழியில் வெறும் தெருவில் பிரேக்கை மெல்ல நாலைந்து தடவை அமத்தினால் அங்கிருக்கும் ஈரம் காய்ந்துவிடும். கைப்பிரேக்கை அன்று இரவு போடாமல் விடுவது நல்லது.

சுடுதண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் ஆட்களில் பலர் இதைச் செய்கிறார்கள். உறைந்த கண்ணாடியில் கேத்தல் தண்ணீரை ஊற்றாதீர்கள். என் தெருவில் ஒருவரின் முன்கண்ணாடி ஒரு ஜனவரிக் காலையில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை வெடித்ததைப் பார்த்தேன். நான் வாளிக்குச் சொன்ன இளஞ்சூடு கை விறைக்காமல் இருக்க மட்டும்தான், குழந்தையைக் குளிப்பாட்டும் சூட்டுக்கு மேலே போகக் கூடாது.

பனி அள்ளும்போது இப்போது பஞ்சு மாதிரியான நுரைத் தலை வைத்த தள்ளுகட்டை பாவிக்கிறேன். அதாலும் பெயின்ற் வரைக்கும் போவதில்லை. மேல் பனியைத் தள்ளிவிட்டு, கடைசி ஒரு சென்ரிமீற்றரை அப்படியே விட்டுவிடுவேன். கண்ணாடிகளையும் விளக்குகளையும் மட்டும் முழுதாகச் சுத்தப்படுத்துவேன். முன்மூடியில் மிச்சம் இருப்பது இயந்திரச் சூட்டில் தானே உருகும்.

ஒக்ரோபர் கடைசியில், முதல் உப்பு விழுவதற்கு முன், காரை நன்றாகக் கழுவி, கார் பெயின்ற்றுக்கென்றே விற்கும் களிமண் கட்டியால் ஒட்டுத் துகள்களை எடுத்து, மெழுகு போட்டுவிட வேண்டும். இந்த நீலத் திரவத்தையே கொஞ்சம் கூடக் கலந்து அந்தக் களிமண் வழுக்கப் பாவிக்கலாம், அதற்கென்று வேறு போத்தல் வாங்கத் தேவையில்லை. மெழுகு இருக்கும் காரில் உப்புச் சேறு அவ்வளவு இறுகிப் பிடிப்பதில்லை. கழுவுமிடத்தில் எட்டு டொலரோடு வேலை முடிவதும் அதனால்தான். அடிப்பக்கத்துக்கு வருடம் ஒருமுறை எண்ணெய் அடிக்கும் கறள் தடுப்பும் செய்விக்கிறேன். அதை அடித்த பிறகு சில நாள் வாசலில் எண்ணெய் சொட்டும், காரின் கீழே ஒரு பழைய மட்டையைப் போட்டுவைப்பேன்.

போன மே மாதம் தம்பி மறுபடி அந்தக் கருவியைக் கொண்டுவந்து அதே இடங்களில் வைத்துப் பார்த்தான். மூன்று குளிர்காலத்துக்கும் சேர்த்து ஒருமுறைகூட இயந்திரப் பொலிஷ் போடவில்லை. வெயிலில் முன்மூடியைப் பல பக்கத்தாலும் சாய்ந்து பார்த்தான். ஓட்டுநர் கதவின் கைபிடிக் குழிக்குள் நகக் கீறல்கள் இருந்தன, பின் பெட்டி விளிம்பில் மளிகைப் பை உரசிய கோடு ஒன்று. முன்மூடியில் அவன் தேடின வட்டங்கள் இல்லை. "என்ர காரையும் ஒருக்கால் கழுவித் தாங்கோ அக்கா," என்றான். கழுவிக் கொடுத்தேன், அன்றைக்குப் போத்தலில் இரண்டு கிண்ணம் குறைந்தது.

வியாழக்கிழமை 3 பாகை வரும் என்று போட்டிருக்கிறார்கள். காசு டப்பாவில் இரண்டு டொலர்க் காசுகள் ஐந்து இருக்கின்றன. இந்தப் போத்தல் மார்ச் வரைக்கும் வராது. அடுத்ததை ஒரு கலன் அளவில் வாங்கித் தோழியோடு பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்வதாகப் பேசியிருக்கிறோம்.